கண்ணாடிப் பெட்டிக்குள்ளே கறுப்பு வேட்டி

சிப்பித்திட்டுக்கா டிக்கெட் கேட்டீங்க? கண்டக்டர்கிட்ட நீங்க கேட்டப்பவே என் காதுல விழுந்துருச்சு. உட்காருங்கண்ணே. இது என் சீட்டு, இருந்தாலும் தர்றேன். பாதி தர்றேன். பையை மடியில வச்சுக்குங்க.

எங்க ஊருக்கு வெளியாள் வந்தா ரெண்டே காரணம்தான். ஒண்ணு, கருவாடு வாங்க வரணும். இல்ல, தண்ணிப் பெட்டி பார்க்க வரணும். உங்க கையில சாக்கு இல்ல. அப்ப தண்ணிப் பெட்டிதான். எந்த ஊரு நீங்க?

நரிமுனையா! அட, நரிமுனைக்காரரா!

கோவிச்சுக்காதீங்கண்ணே, இந்த மாசி முழுக்க உங்க ஊரை நான் திட்டாத நாள் கிடையாது. உங்க மேல ஒண்ணும் கோபமில்ல, உங்க ஊரு மேலதான். எங்க பெட்டிகளை அங்கதான் தூக்கிட்டுப் போறதா இருந்தாங்க. என்னது, உங்களையே காவலுக்குப் போட்டிருக்காங்களா? புதுப் பெட்டிக்கா? அப்ப நீங்க இதைக் கண்டிப்பா கேட்கணும். இந்த பஸ் உருட்டுற உருட்டுக்கு ஊர் வர்றதுக்குள்ள முழுசாவே சொல்லிரலாம்.

என் பேரு காளீஸ்வரி. பதினொண்ணாவது. எங்க தெரு ஊருக்குக் கடைசி, மொத்தம் அஞ்சு வீடு. குழாய்த் தண்ணி எங்க தெருவுக்கு வர்றதுக்குள்ள களைச்சுப்போய் நடுவழியிலயே உட்கார்ந்துரும். கிணறு இருக்கு. அதுல மொண்டு உலை வச்சா சோத்துக்குத் தனியா உப்பு போட வேணாம். அதனால குடிக்கிறதுக்குன்னா கடற்கரை மணல்ல ஊத்து தோண்டணும். தோண்டிட்டு உட்கார்ந்து கொட்டாங்குச்சியால கோரணும். ஒரு கோரு கோரிட்டு, ஊறட்டும்னு காத்திருந்து, மறுபடி ஒரு கோரு. ஒரு குடம் நெறையறதுக்குள்ள ஏழரை பஸ் போயிரும். ஏழரை பஸ் போனா பள்ளிக்கூடம் போச்சு, அடுத்த பஸ் மத்தியானம்தான். அம்மாவுக்கு இறால் கம்பெனி வேன் விடியறதுக்கு முன்னாடியே வந்துரும். அப்ப ஊத்துக்குப் போறது யாரு? நான்தான்.

உடனே ஐயோ பாவம், படிக்கிற புள்ளன்னு பார்க்காதீங்க. எனக்குப் படிப்புன்னா வேப்பங்காய். அதுலயும் இயற்பியல்னா வேப்பங்காய்ல ஊறின எட்டிக்காய். ஆனா பள்ளிக்கூடத்துலதானே ஆளுங்க இருக்காங்க? எங்க ஹெட்மாஸ்டர் மாதிரி, "மாணவச் செல்வங்களே, அமைதி, அமைதி, அந்தக் கடைசி வரிசை எருமைகளே அமைதி"ன்னு நான் பேசுனா மூணு வகுப்பு சேர்ந்து உருளும். மணல்மேட்டுல யாருக்குப் பேசிக்காட்டுறது? நண்டுக்கா?

நான் பேசாத குரல் கிடையாதுண்ணே. இந்தக் கண்டக்டர் பேசட்டுமா? "படியில நிக்காத, உள்ள வா, உள்ள வா, உள்ளதான் கடல் மாதிரி எடம் கெடக்குல்ல!" திரும்பிப் பார்க்கிறார் பாருங்க. நீங்க ஜன்னல் பக்கம் திரும்பிக்குங்க.

சரி, பெட்டிக்கு வர்றேன். தை மாசம் கோயமுத்தூர்ல இருந்து ஒரு மேடம் வந்தாங்க. சாரதாமணி மேடம், காலேஜ்ல பேராசிரியர். அஞ்சு வீட்டுக்கு அஞ்சு பெட்டி வச்சாங்க. பெட்டின்னா பெருசா ஒண்ணுமில்ல, கட்டில் அகலத்துக்குக் கறுப்புத் தொட்டி, மேல சரிவா ஒரு கண்ணாடி. உள்ள கிணத்து உப்புத் தண்ணியை ஊத்தி மூடிரணும். வெயில் அடிக்க அடிக்கத் தண்ணி ஆவியாகும். உப்பு கீழயே தங்கிரும். ஆவி கண்ணாடியில முத்து முத்தா ஒட்டி, சரிவுல வழிஞ்சு, ஓரத்துக் காவாயில எறங்கி, குழாய் வழியா குடத்துக்கு வந்துரும். சோத்துப்பானை மூடியைத் தூக்குனா சொட்டுமே, அதேதான். அதுக்கு ஒரு காலேஜ்!

மேடம் நல்லவங்கதான். பேச்சுதான் அண்ணே, பேச்சு! தேன்ல நனைச்ச மாதிரி இழுவை. "ஏனுங், இந்தப் பொட்டிக்குக் கரண்டு வேண்டாமுங், டீசல் வேண்டாமுங், வெயில் இருந்தாப் போதுமுங். உங்கூர்ல வெயிலுக்கா பஞ்சமுங்?" கேட்டவுடனே எனக்கு நாக்கு அரிக்க ஆரம்பிச்சுருச்சு.

அஞ்சு பெட்டிக்கும் காவல், சாவி எல்லாம் நம்புச்சாமி சித்தப்பாகிட்டதான். எதிர்வீடு. பட்டன் போன்தான் வச்சிருக்கார், பேரு பதியத் தெரியாது, குரலை வச்சுத்தான் ஆளைக் கண்டுபிடிப்பார். அதை ஞாபகம் வச்சுக்குங்க.

பெட்டி என்னமோ வேலை செஞ்சுச்சு. ஆனா வீட்டுக்கு அரைக்குடம்தான் வந்துச்சு. அரைக்குடம் தண்ணி, அரைவாசிப் பள்ளிக்கூடம். ஒருநாள் பஸ்ஸு, மறுநாள் ஊத்து. மேடம் போகும்போது சொல்லிட்டுப் போனாங்க: "மாசிக் கடைசியில பெரிய ஆபீசருங்க வருவாங்க. அன்னைக்கு முழுக்குடம் காட்டணுமுங். காட்டலைன்னா பொட்டியை நரிமுனைக்குக் கொண்டு போயிருவாங்க. அங்க வெயில் இன்னும் அதிகமாமுங்." போனா அப்புறம் எனக்கு தினமும் ஊத்துதான். நண்டுக்குத்தான் ஹெட்மாஸ்டர்.

இதுக்கு நடுவுல நம்புச்சாமி சித்தப்பா அலட்டல் வேற. எதுக்கெடுத்தாலும் "மேடம் சொன்னாங்க". எங்கம்மா பக்கத்துல கருவாடு காயப்போட்டா, "எடு பஞ்சவர்ணம், நிழல் விழுது, மேடம் சொன்னாங்க." நான் கண்ணாடியில சும்மா ஒரு தட்டு தட்டுனா, "தள்ளி நில்லுடி, மேடம் சொன்னாங்க." சரி, இவ்வளவு சொல்ற மேடம் இன்னும் கொஞ்சம் சொன்னா என்னன்னு எனக்குத் தோணிருச்சு.

அம்மா வீட்டுல வச்சுட்டுப் போற போனை எடுத்துக்கிட்டு கருவேல மரத்துக்குப் பின்னால உட்கார்ந்தேன். அங்கிருந்து சித்தப்பா நல்லாத் தெரிவார்.

"ஏனுங் நம்புச்சாமி, சாப்ட்டாச்சுங்களா?"

அண்ணே, பார்க்கணும் நீங்க! போன்ல பேசுறவங்களுக்குத் தெரியவா போகுது? மனுஷன் எந்திரிச்சு நின்னு, மடிச்சுக் கட்டுன கைலியை எறக்கிவிட்டார். "ஆச்சுங்க மேடம், கஞ்சிங்க மேடம்."

"கறுப்புதானுங் வெயிலை இழுக்கும். தொட்டி மட்டும் கறுப்பா இருந்தாப் பத்தாதுங். உங்ககிட்ட கறுப்பு வேட்டி இருக்குதுங்களா?"

சித்தப்பா வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தார். வருஷா வருஷம் மாலை போட்டு சபரிமலை போற ஆளு அவர். கறுப்பு வேட்டிதான் அவருக்குச் சொத்து. துவைச்சு மடிச்சு கற்பூரம் போட்டு வச்சிருப்பார். அதனாலதானே கேட்டேன்!

"மேடம்... அது மலைக்குப் போன வேட்டிங்க."

"மலைக்குப் போன வேட்டி நாலு பேருக்குத் தண்ணி குடுத்தா, வேண்டாம்னுங்களா சொல்லப் போறாரு சாமி?"

அவ்வளவுதான். உருகிட்டார். உள்ள செங்கல் அடுக்கி, கொடியில காயப்போடுற மாதிரி வேட்டியை மடிப்பு மடிப்பா விரிச்சு, அடிமுனை தண்ணியில கிடக்கிற மாதிரி போடச் சொன்னேன். ஏன்? மேடத்தோட விஞ்ஞானப் பெட்டி வண்ணான் துறை மாதிரி இருக்கட்டும்னுதான். வேற ஒண்ணும் யோசிக்கல. சாமி சத்தியமா.

மறுநாள் சாயங்காலம் பார்த்தா, அவர் வீட்டுக் குடம் கழுத்து வரைக்கும் ஏறியிருக்கு. மத்த நாலும் அரைக்குடம்.

எனக்கே திக்குன்னுச்சு. அப்புறம் பார்த்தா அதுல என்ன இருக்கு? வாளித் தண்ணியை வெயில்ல வச்சா சாயங்காலம் வரைக்கும் அப்படியே கிடக்கும். அதே வாளியில நனைச்ச துணியைக் கொடியில போட்டா ஒரு மணி நேரத்துல காஞ்சுரும். வேட்டி தண்ணியை உறிஞ்சி மேல ஏத்துது, மெலிசா இருக்கிறதால சட்டுன்னு சூடாகுது, ஆவியாகுது. இதெல்லாம் நான் உட்கார்ந்து யோசிச்சதில்லண்ணே. மத்தியானம் முழுக்கப் பெட்டியையே பார்த்துக்கிட்டு இருந்தேனா, சும்மா கண்ணுல பட்டுச்சு.

ஆனா தெருவுல வேற மாதிரி ஆகிப்போச்சு. எங்க ராக்குப் பெரியம்மா இருக்காங்களே, அவங்க குரல் சங்கு மாதிரி. "ஏப்பா நம்பு! நெஞ்சுல கை வச்சுச் சொல்லு! என் பெட்டித் தண்ணியத்தான நீ மொண்டு ஊத்திக்கிட்ட?"

"நான் எதுக்கு மதினி உங்க தண்ணிய... மேடம் சொன்னாங்க, வேட்டி போட்டேன்."

"வேட்டி போட்டா தண்ணி வருமா? அப்ப எங்க வீட்டு மனுஷன் இத்தனை வருஷமா கட்டிக்கிட்டுத்தான் திரியுறாரு, ஒரு சொட்டு வரலையே!"

தெருவே சிரிச்சுச்சு. சித்தப்பாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. சாவியைத் தூக்கி எறிஞ்சுட்டார். "எனக்கு இந்தப் பேச்சு வேணாம். நாளைக்கே மேடத்துகிட்ட சொல்லிர்றேன். நரிமுனைக்காரனே கொண்டு போகட்டும்."

போச்சா? விளையாட்டு வினையாச்சா? எனக்கு ராத்திரி சோறு எறங்கல. கண்ணை மூடுனா நண்டா வந்து வரிசையா உட்காருது, ஹெட்மாஸ்டரைப் பேசு, பேசுங்குது.

விடிஞ்சதும் மறுபடி போன். "ஏனுங் நம்புச்சாமி, ஸ்பீக்கர்ல போடுங். தெருவுல எல்லாரும் கேக்கட்டுமுங்." போட்டார். "அஞ்சு பொட்டிக்கும் கறுப்புத் துணி போடணுமுங். நம்புச்சாமி மேல யாராச்சும் சந்தேகப்பட்டா, அவங்க பொட்டியைத்தானுங் முதல்ல நரிமுனைக்கு அனுப்புவேன்." ராக்குப் பெரியம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு, "நான் யாரு, சந்தேகப்பட? தம்பி என் தம்பி மாதிரி"ன்னாங்க.

அப்புறம் ஊரெல்லாம் கறுப்பு வேட்டை. மலைக்குப் போறவங்க வேட்டி ரெண்டு வீட்டுக்குக் கிடைச்சுது. ராக்குப் பெரியம்மா பழைய குடையைக் கிழிச்சுப் போட்டாங்க. குடைத் துணி தண்ணியைக் குடிக்குமா? தள்ளிவிடத்தானே அதைச் செஞ்சதே! அரைக்குடம் கால்குடமாச்சு. அப்புறம்தான் அதை எடுத்துட்டு ஒரு பழைய கறுப்புத் துண்டைப் போட்டாங்க. எங்க வீட்டுல கறுப்புன்னா ஒண்ணே ஒண்ணுதான். அம்மாவோட உள்பாவாடை.

"ஊரு பார்க்கக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள என் பாவாடையா? வெளக்குமாறு பிஞ்சுரும்!"

"மேடம் சொன்னாங்கம்மா."

"உன் மேடம் அவங்க பாவாடையைப் போடட்டும்!"

நாடாவை உருவி, பிரிச்சு, நாலு துண்டாக்கி, இது பாவாடைதான்னு பெத்தவளுக்கே தெரியாத மாதிரி பண்ணித்தான் போட விட்டாங்க. போட்டதும் தொட்டித் தண்ணியெல்லாம் சாயம். அம்மா கத்துறாங்க, இதையா குடிக்கிறதுன்னு. சாயங்காலம் குடத்துல பார்த்தா பளிங்கு மாதிரி தண்ணி. பின்ன? உப்பே ஏறி வரமாட்டேங்குது, சாயம் மட்டும் படியேறி வருமா?

குடம் எல்லாம் ஏறிக்கிட்டு வந்துச்சு. சித்தப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கல. திருஷ்டி பட்டுரக்கூடாதுன்னு அஞ்சு கண்ணாடிக்கும் இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் மூணு கோடா விபூதிப் பட்டை போட்டுட்டார், நடுவுல தட்டு அகலத்துக்குச் சந்தனம், குங்குமம். குடம் மறுபடி எறங்குது. நான் போனைத் தூக்கினேன். "ஏனுங், சூரியனும் சாமிதானுங்களே? அவரு வர்ற வழியை விபூதி போட்டே அடைச்சா எப்படீங்? கோலமா தரையில போட்டுக்கங், கண்ணாடியைத் தொடச்சிருங்."

அப்படியே தினமும் ஒண்ணு. தண்ணியை ஆழமா ஊத்தாதீங், நாலு விரக்கடை போதுமுங். ஓரத்துல ஆவி கசியுதுங், பிசின் வச்சு அடைங். சாயங்காலம் கண்ணாடி மேல ஈரத்துணியால ஒத்துங், கண்ணாடி குளுந்தா உள்ள இன்னும் முத்துக் கட்டுமுங். எல்லாம் சும்மா விளையாட்டுக்குத்தான். சொல்றது நடக்குதான்னு மறுநாள் குடத்தைப் பார்த்துருவேன், நடக்கலைன்னா மாத்திச் சொல்லுவேன். அவ்வளவுதான்.

நடுவுல எனக்குச் சளி. பேசப் பேச இருமல். சித்தப்பா, "மேடம், உடம்பைப் பார்த்துக்குங்க"ன்னார். மறுநாள் காலையில ஒரு டம்ளர்ல சுக்குக் கஷாயத்தோட எங்க வீட்டுக்கு வந்துட்டார். "மேடத்துக்கு இருமலாம். பாவம், அவ்வளவு தூரத்துல இருக்காங்க, நான் எப்படிக் குடுக்க? நீ குடி"ன்னு என் கையில குடுத்துட்டுப் போனார். எவ்வளவு வெள்ளந்தி மனுஷன் பாருங்க! மேடம் மேல இருக்கிற பாசத்துல யாருக்குக் குடுக்கிறதுன்னே தெரியல. இன்னைக்கு வரைக்கும் அவருக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. அவரை ஏமாத்துறது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யுது.

மாசிக் கடைசி வந்துச்சு. ரெண்டு ஜீப்புல ஆபீசருங்க. பஞ்சாயத்துத் தலைவர் மைக் இல்லாமலே மைக்ல பேசுறார், "எனது பெருமுயற்சியால்..." அஞ்சு குடம் வரிசையா. அஞ்சும் தளும்புது. தொட்டா வழியும். ஜெயிச்சாச்சுன்னு நெனைச்சேன். அப்பத்தான் பெரிய ஆபீசர் குனிஞ்சு கண்ணாடிக்குள்ள பார்த்துட்டார்.

"இது என்னம்மா, உள்ள துணி? நீங்க அனுப்பின வரைபடத்துல இது இல்லையே?"

சாரதாமணி மேடம் குனிஞ்சு பார்த்தாங்க. முகம் சுண்ணாம்பா வெளுத்துருச்சு. வேட்டி. வேட்டி. பாவாடைத் துண்டு. நம்புச்சாமி சித்தப்பா நெஞ்சை நிமித்திக்கிட்டு முன்னால வந்தார். "மேடம்தாங்க போன்ல சொன்னாங்க. ஒவ்வொண்ணா, தினமும்."

எனக்குக் காலுக்குக் கீழ மணல் உருவுது. இப்ப அவங்க "நான் சொல்லலீங்களே"ன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. யாரோ ஏமாத்திட்டாங்கன்னு ஆயிரும். தளும்புற குடத்தையும் நம்பமாட்டாங்க. லாரி வந்துரும். மேடம் குடத்தைப் பார்த்தாங்க. சித்தப்பாவைப் பார்த்தாங்க. மறுபடியும் குடத்தைப் பார்த்தாங்க. ஒரு விரலை உள்ள விட்டு நாக்குல வச்சாங்க.

"ஆமாங் சார்," அப்படீன்னாங்க. "நான்தானுங் சொன்னேன். திரி முறைங்."

கைதட்டல். போட்டோ. பெட்டி இங்கேயே இருக்கட்டும், நரிமுனைக்குப் புதுசு செய்ங்கன்னு ஆபீசர் சொல்லிட்டார். சந்தோஷம்தான், இல்லேங்கல. ஆனா அண்ணே, அநியாயத்தைப் பாருங்க! என் வாயில இருந்து வந்ததை அவங்க சொன்னதா ஆக்கிட்டாங்க! இப்ப பெட்டி பக்கத்துல வச்சிருக்கிற போர்டுல பாருங்க, "கறுப்புத் துணித் திரி முறை: பேராசிரியர் சாரதாமணி குழுவினர்". காளீஸ்வரின்னு ஒரு எழுத்து உண்டா? திருட்டு இல்லையா இது? அவங்க குரலை நீ எடுத்தியேன்னு கேட்காதீங்க. அது வேற.

ஜீப்பு கிளம்புனதும் மேடம் மட்டும் நின்னுட்டாங்க. "நம்புச்சாமி, உங்க போனைக் குடுங்." சித்தப்பா குடுத்துட்டு, குடத்தைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குள்ள போயிட்டார். அவங்க சொன்னதா வந்த நம்பருக்கே திருப்பி அடிச்சாங்க. எதிர்ல நின்ன எங்கம்மா இடுப்புல மணி அடிக்குது! அம்மா சுருக்குப் பையில இருந்து போனை எடுத்துக் காதுல வச்சு, மேடத்தையே பார்த்துக்கிட்டு, "ஹலோ, யாருங்க பேசுறது?"ங்கிறாங்க.

வேற வழி? அம்மா கையில இருந்து போனைப் புடுங்கினேன். "சொல்லுங்," அப்படீன்னேன், அவங்க குரல்லயே.

மேடம் போனை நிறுத்திட்டு என் பக்கம் வந்தாங்க. அடிப்பாங்கன்னுதான் நெனைச்சேன். "நான் இப்படியாங் இழுக்கறேன்?"ன்னாங்க. அப்புறம், சிரிக்காம, "துணியை ரெண்டா மடிச்சுப் போட்டா என்னாகுமுங்?"ன்னு கேட்டாங்க.

"உள்மடிப்பு காயாதுங், வீணுங்"ன்னுட்டேன். வாய் சும்மா இருக்குமா?

அன்னைக்குப் பிடிச்ச சனியன். தினமும் சாயங்காலம் கூப்பிடுறாங்க. கண்ணாடி எவ்வளவு சூடு, காத்து எந்தப் பக்கம், சாக்கு போட்டா எப்படி, பருத்தி போட்டா எப்படி. ஒரு வெப்பமானியும் அனுப்பி வச்சிருக்காங்க. சொல்லலைன்னா ஹெட்மாஸ்டர்கிட்ட எல்லாத்தையும் போட்டுக் குடுத்துருவாங்கன்னு பயந்துதான் சொல்றேன், இல்லேன்னா எனக்கு இதுல என்ன வேலை? சாக்கு சரியில்லண்ணே, நார் நாறுது. பழைய பருத்தி வேட்டிதான், ரெண்டு விரல் இடைவெளி விட்டு. உங்க ஊருல காத்து அதிகம், அதனால கண்ணாடியை இன்னும் கொஞ்சம் சரிச்சு வைக்கணும்னு நெனைக்கிறேன். நெனைக்கல, சும்மா சொல்றேன்.

அந்தா, கோயில் தெரியுது. அடுத்தது நம்ம நிறுத்தம்தான்.

அண்ணே, ஒண்ணு சொல்றேன். உங்க பெட்டி வந்ததும் முதல்ல மேடம் போன்லதான் பேசுவாங்க. என்ன சொன்னாலும் அப்படியே செஞ்சுருங்க, ஏன் எதுக்குன்னு கேட்காதீங்க. சில சமயம் கிறுக்குத்தனமா இருக்கும், விஞ்ஞானம்னா அப்படித்தான்.

என்னண்ணே சிரிக்கிறீங்க? சத்தியமா இனிமே அதெல்லாம் கிடையாது. அவசரத்துக்கு இருக்கட்டும்னுதான், உங்க நம்பரைச் சொல்லுங்க.

ஒன்பது... நாலு... நாலு...

ஏன் நிறுத்திட்டீங்க? சொல்லுங், அப்புறமுங்?